பழைய மொறிஸ் மைனரின் நான்கு கதவுகள்



வழமையாக இந்த நேரத்தில் வரி, வங்கிக் கடன், ஓய்வூதியம் என்று ஏதாவது கணக்குப் பேசிவிட்டுப் போகிறவன் நான். சென்ற முறை நிகழ்ச்சி முடியும் நேரத்தில் தொலைபேசியில் வந்த ஒரு ஐயா, "தம்பி, கணக்கு காணும். நீர் திருத்தி வைச்சிருக்கிற அந்தக் காரின்ர கதையை ஒருக்காச் சொல்லும்" என்று கேட்டார். அறிவிப்பாளர் தங்கச்சியும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டார். ஆகவே இன்றைக்குக் கணக்கு இல்லை. கொஞ்சம் வரலாம், தொழில் அப்படி.

கார் என்றால் மொறிஸ் மைனர். 1958ஆம் ஆண்டுக் கார், நான்கு கதவு. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் இந்த உருவத்தை விளக்கத் தேவையில்லை. ஒஸ்ரின் ஏ நாற்பது வாடகைக்கு ஓடியது, மொறிஸ் மைனர் வாத்தியார் வீட்டிலும் டொக்டர் வீட்டிலும் நின்றது. 1990இல் பெற்றோல் தடைப்பட்ட பிறகு இந்தக் கார்களெல்லாம் ஒரு சொட்டுப் பெற்றோலில் உயிர் பெற்று மண்ணெண்ணெயில் ஓடியதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்தப் புகை மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

எங்கள் அப்பா 1971இல் ஒரு டொக்டரிடமிருந்து வாங்கிய கார் அது. கறுப்பு நிறம். ஒன்று ஸ்ரீ இலக்கத் தகடு. இளையவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: 1957இல் வாகன இலக்கத்தில் சிங்கள ஸ்ரீ எழுத்தைக் கொண்டுவந்தார்கள். தமிழர் பகுதியில் அதற்கு எதிர்ப்பு எழுந்தது. தமிழ் ஸ்ரீ எழுதி ஓடினவர்கள் உண்டு, 1958இல் தார் பூசினவர்கள் உண்டு, பதிலுக்குத் தெற்கில் தமிழ் எழுத்துகளுக்குத் தார் பூசினார்கள். அந்த வருடத்துக் கலவரம் உங்களுக்குத் தெரியும். ஒரு காரின் முன்னால் இருக்கும் ஒரு முழ நீளத் தகட்டில் இவ்வளவு இருக்கிறது. அப்பா அதைப்பற்றி அதிகம் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமை கார் கழுவும்போது அந்தத் தகட்டை மட்டும் துடைக்காமல் விடுவார். அவ்வளவுதான்.

1995 ஒக்டோபர் 30 இரவு அந்தக் காரில் அப்பம்மாவையும் இரண்டு அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டோம். நாவற்குழிக்கு அங்கால் போக எவ்வளவு நேரம் எடுத்தது என்று நடந்து வந்தவர்களுக்கே தெரியும். கார் ஓடவில்லை, நாங்கள் தள்ள அது உருண்டது. மீசாலையில் ஒரு உறவினர் வளவுக்குள் விட்டதோடு இயந்திரம் ஓய்ந்தது. 1996இல் அப்பா சைக்கிளில் வீடு திரும்பினார். காரைப் பிறகு எடுக்கலாம் என்றார். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் தென்மராட்சி பட்ட பாட்டுக்குப் பிறகு எடுக்க ஒன்றும் இருக்கவில்லை. 2001இல் அப்பாவும் போய்விட்டார். நான் அப்போது இலண்டனில்.

சமாதான காலத்தில், 2003இல், மீசாலைக்குப் போனேன். அந்த உறவினர் ஆட்டுக்கொட்டிலுக்கு ஒரு கதவு வைத்திருந்தார். கறுப்புப் பெயின்ற் உரிந்து, கறள் தின்று, ஆனால் வளைவைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் காரின் பின் இடது கதவு. அது என் பக்கம், சின்ன வயதில் நான் இருந்து போன பக்கம். கதவைத் தரச் சொல்லிக் கேட்க மனம் வரவில்லை. ஆடுகளுக்கு அது வேண்டும். கண்ணாடி ஏற்றி இறக்கும் கைபிடியை மட்டும் கழற்றித் தந்தார். சுத்தியலால் தட்டித்தான் வந்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து 13 வருடம் மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன்.

2016இல் கென்ற் பக்கம் ஒரு வயோதிபரிடம் இந்தக் காரை வாங்கினேன். 2,400 பவுண். வெளிப்பார்வைக்குப் பச்சை நிறத்தில் பளபளவென்று நின்றது. மனைவி கேட்டார், "இதுக்குள்ள ஆர் ஏறுறது?" நியாயமான கேள்வி.

நான் நினைத்தது லேசான வேலை. கறுப்பு அடிப்பது, அப்பாவின் கார் மாதிரி ஆக்குவது, முடிந்தது. கனடாவில் இருக்கும் அண்ணாவும் "கறுப்பு அடி, வேற கதை இல்லை" என்றார்.

முதலில் செய்தது ஒரு நல்ல காரியம், அதைச் சொல்கிறேன். கேடன் என்ற இடத்தில் பிரித்தானிய மோட்டார் நூதனசாலை இருக்கிறது. பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. காரின் உடல் இலக்கத்தைக் கொடுத்துக் காசு கட்டினால், அந்தக் கார் எந்த நாள் கட்டப்பட்டது, என்ன நிறத்தில், உள்ளே என்ன நிறச் சீற், எங்கே அனுப்பப்பட்டது என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். கணக்காளனுக்கு இதைவிடச் சந்தோசம் உண்டா? மூல ஆவணம் கைக்கு வருகிறது. என் காரின் சான்றிதழில் இருந்தது பச்சையும் இல்லை, கறுப்பும் இல்லை. கிளாரண்டன் கிறே. சாம்பல். உள்ளே மெறூன் சீற்.

நம்பாமல் கதவின் உட்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். பழைய காரின் உண்மை நிறத்தைத் தேட வேண்டிய இடங்கள் இவைதான்: கதவின் உட்பலகைக்குப் பின்னால், டாஷ்போட்டுக்குக் கீழே, பெற்றோல் தாங்கிக்குக் கீழே. திரும்பப் பெயின்ற் அடிக்கிறவன் அங்கெல்லாம் கை வைக்கமாட்டான். கதவின் உள்தகட்டில், வெயிலே படாமல், அந்தச் சாம்பல் நிறம் புதிதுபோல இருந்தது. வெளிப்பக்கத்தில் தண்ணீர்க் கடதாசியால் ஒரு சதம் அளவு இடத்தை மெல்லத் தேய்த்தேன். பச்சை, அதற்குக் கீழே ஒரு நீலம், பிறகு மங்கல் சிவப்பாக அடிப்பூச்சு, அதற்குக் கீழே சாம்பல். மரத்தை வெட்டினால் வளையம் தெரிவதுபோல.

அப்போது எனக்கு உதவிக்கு வந்தவர் ஒரு ஓய்வுபெற்ற ரிங்கரிங்காரர், ஆங்கிலேயர், வயது எண்பதுக்கு மேல். அவர் சான்றிதழைப் பார்த்துவிட்டு, நீ எந்தக் காரைத் திருத்துகிறாய், இதையா அல்லது இங்கே இல்லாத ஒன்றையா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு கிழமை அவருக்குத் தொலைபேசி எடுக்கவில்லை.

அந்த இரண்டு கிழமைக்குள்தான் பெரிய பிழையும் நடந்தது. அதைச் சொன்னால் நேயர்களில் எவராவது பழைய கார் வைத்திருந்தால் காசு மிஞ்சும்.

மொறிஸ் மைனருக்குத் தனியான சட்டம் கிடையாது, உடலே சட்டம். கதவுகளுக்குக் கீழே, முன் சில்லிலிருந்து பின் சில்லு வரைக்கும் ஓடும் பெட்டித் தகடு ஒன்று இருக்கிறது. நிலைப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். காரின் பாரத்தில் பெரும்பங்கு அதில் இருக்கிறது. தண்ணீரும் சேறும் போய்த் தங்குவதும் அங்கேதான். ஒரு காந்தத்தைச் சீலையில் சுற்றிக்கொண்டு போய் என் காரின் நிலைப்படியில் வைத்தேன், ஒட்டவில்லை. தகட்டுக்குப் பதில் புட்டி. முன்னைய சொந்தக்காரரில் ஒருவர் ஓட்டைக்குள் கடதாசி திணித்து, மேலே புட்டி பூசிப் பெயின்ற் அடித்திருந்தார். எங்கள் தொழிலில் இதற்குத் தொங்கற் கணக்கு என்று பெயர். இரண்டு பக்கமும் சரிவராவிட்டால் வித்தியாசத்தை அதற்குள் போட்டுவிட்டு மீதியைச் சமப்படுத்துவது. ஒரு நாளைக்கு எவராவது திறப்பார்கள்.

ஒரு கராஜில் வேலையைக் கொடுத்தேன். எந்தக் கராஜ் என்பது வேண்டாம். அவர்கள் நான்கு கதவையும் கழற்றி ஒரு மூலையில் சாத்திவிட்டு, இரண்டு பக்க நிலைப்படியையும் ஒரே நாளில் வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டினார்கள். இடையில் முட்டுக் கொடுக்கவில்லை. வேலை பார்வைக்கு அழகு. கதவைத் திரும்பப் பூட்டினால் பூட்டுப்படவில்லை. முன் கதவின் மேல் மூலையில் ஒரு விரல் இடைவெளி, கீழே தகடு தகட்டோடு உரசியது. கார் நடுவில் சற்று இறங்கிவிட்டது. கதவு இல்லாத வாசல் வெறும் ஓட்டை, அது எந்தப் பக்கம் இழுபட்டாலும் கண்ணுக்குத் தெரியாது.

வெட்கத்தோடு கிழவருக்கு எடுத்தேன். அவர் வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வாசல்களுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் முட்டுக் கொடுத்தார். காரைச் சமதளத்தில் நிறுத்தி அளந்து, ஒட்டினதைத் திரும்ப அறுத்தார். ஒரு பக்கம் முடிந்த பிறகுதான் மறுபக்கம். கதவுகள் காரிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. நாலு புள்ளி வெல்ட் வைப்பார், கதவைச் சாத்திப் பார்ப்பார். இன்னும் நாலு புள்ளி, திரும்பச் சாத்திப் பார்ப்பார். இடைவெளியை அளக்க அவர் வைத்திருந்தது மட்டையில் வெட்டிய ஒரு துண்டு. கதவைச் சுற்றி அந்தத் துண்டு எல்லா இடத்திலும் ஒரே இறுக்கத்தில் போய்வர வேண்டும். ஏழு சனிக்கிழமை எடுத்தது. கதவு என்பது கடைசியில் மாட்டுகிற அலங்காரம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதுதான் அளவுகோல் என்று அன்றைக்கு விளங்கியது.

கதவுகளைப் பற்றி இன்னும் கொஞ்சம். கண்ணாடிக்கும் றப்பருக்கும் நடுவால் மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கும். அது பிழை இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கதவின் அடியில் துவாரங்கள் இருக்கின்றன, அவற்றால் வெளியே போகவேண்டும். யாரோ ஒரு புண்ணியவான் கறள் தடுக்கிறேன் என்று அடிப்பக்கம் முழுக்கத் தார்ப்பூச்சு பூசித் துவாரங்களை அடைத்திருந்தார். கதவு தண்ணீர்த்தொட்டி ஆகிவிட்டது. நான்கு கதவிலும் கீழ் ஐந்து அங்குலம் உக்கிப் போயிருந்தது. புதுக்கதவு தேடலாம் என்றேன். கிழவர் சம்மதிக்கவில்லை. உக்கின பகுதியை மட்டும் வெட்டி, புதுத் தகட்டின் ஓரத்தைக் கதவின் சட்டத்தைச் சுற்றி மடித்து ஒட்டினார். மேலே உள்ள வளைவும் கோடும் 1958இல் அச்சில் அடித்தபடியே இருக்கின்றன. பிறகு ஒழுங்கு: முதலில் பிணைச்சல், பிறகு இடைவெளி, பிறகு றப்பர், எல்லாம் சரிவந்த பிறகே பூட்டின் கொளுக்கி. கொளுக்கியை உயர்த்திக் கதவைத் தூக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. ஒரு வருடத்தில் பிணைச்சல் தேய்ந்துவிடும். இப்போது கடையில் கிடைக்கும் றப்பர் சிலவேளை தடிப்புக் கூட. அதைப் போட்டுவிட்டுக் கதவைப் பலமாக அறைந்து சாத்துகிறார்கள். எங்கள் காரின் கதவு இரண்டு விரலால் தள்ள "டக்" என்று பூட்டும். அந்தச் சத்தம் அப்பாவின் காரிலும் அப்படித்தான்.

தகடுகளைப் பற்றிப் பேசும்போது கிழவர் ஒரு செய்தி சொன்னார். 1990களில் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், இலங்கையர் ஒருவருடன் சேர்ந்து, தென்னிலங்கையில் இந்தக் காருக்கான உதிரிப்பாகங்களைச் செய்வித்து இங்கே கொண்டுவந்தார். கணக்குப் பார்த்தேன். நாங்கள் வடக்கில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற அதே காலம். ஒரே தீவில் ஒரு பக்கத்தில் மொறிஸ் மைனருக்குத் தகடு அடிக்கிறார்கள், மறுபக்கத்தில் அதற்கு ஊற்ற எண்ணெய் இல்லை. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு செய்தியை என் மகள்தான் தேடிப் பிடித்தாள். இந்தக் காரை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். பிறகு மினியையும் வரைந்தவர் இவரே. 1906இல் சிமேர்னாவில், இப்போதைய துருக்கியின் இஸ்மிரில், பிறந்தவர். 1922இல் அந்த நகரம் எரிந்தபோது குடும்பத்தைக் கப்பலில் ஏற்றி மோல்ற்றாவுக்குக் கொண்டுபோனார்கள். தகப்பன் அங்கேயே இறந்துபோக, 1923இல் தாயும் மகனும் இலண்டனுக்கு வந்தார்கள். பற்றர்சீயில் படித்தார், கணிதச் சோதனையில் மூன்றுமுறை கோட்டை விட்டார். அகதியாக வந்த பெடியன். 1948 ஒக்டோபரில் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில் அவருடைய கார் வெளிவந்தது. முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு அது பிடிக்கவே இல்லை, உடைத்து ஊற்றி அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்றாராம். 1971 வரை 16 இலட்சத்துக்கு மேல் விற்றது.

இந்தக் காரின் பொனற்றைக் கவனித்திருக்கிறீர்களா? நடுவில் மட்டமான பட்டி ஒன்று ஓடும். எல்லாம் செய்து முடிந்த நேரத்தில் கார் ஒடுக்கமாக இருக்கிறது என்று இசிகோனிசுக்குத் தோன்றியிருக்கிறது. மாதிரிக் காரை நடுவால் இரண்டாக வெட்டுவித்து, பாதிகளை விலக்கிவிலக்கிப் பார்த்து, நான்கு அங்குலத்தில் நிறுத்தினார். பம்பர்கள் ஏற்கனவே செய்தாகிவிட்டதால் முதல் கார்களில் அவற்றையும் வெட்டி நடுவில் துண்டு போட்டார்கள். பொனற்றில் உள்ள அந்தப் பட்டி அந்த வெட்டின் அடையாளம். புட்டி பூசி மறைக்கவில்லை, அப்படியே காரின் முகமாக விட்டுவிட்டார்கள். என் காரில் அந்தப் பட்டியை முன்னைய பெயின்ற்காரர் தேய்த்து மழுக்கியிருந்தார். அதன் ஓரத்தைத் திரும்ப எடுக்க எனக்கு மூன்று மாலை போனது. மகளும் கூட இருந்து தேய்த்தாள்.

எல்லாவற்றிலும் பழையபடி நிற்க முடியாது, அதையும் சொல்லிவிடவேண்டும். 1961க்கு முந்திய மைனரில் திரும்புவதற்குச் சைகை காட்டுவது மினுங்கும் விளக்கு அல்ல. கதவுகளுக்கு நடுவே உள்ள தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும். எங்கள் ஊரில் பிள்ளைகள் அதைப் பார்க்கவென்றே பின்னால் ஓடுவார்கள். என் காரில் இரண்டு கையும் இறுகிப்போய்க் கிடந்தன. துடைத்து, ஒரு துளி எண்ணெய் விட்டு, வயரை மாற்றினேன், வேலை செய்கின்றன. ஆனால் இன்றைய இலண்டன் தெருவில் பின்னால் வருகிறவன் அந்தக் கையை எங்கே பார்க்கப்போகிறான்? ஆகவே மஞ்சள் விளக்குகளும் பூட்டினேன். உடலில் ஒரு ஓட்டைகூடப் போடாமல், பம்பரைத் தாங்கும் இரும்பில் பிடித்திருக்கிறேன். வேண்டாம் என்பவர் நாளைக்கு இரண்டு நட்டைக் கழற்றினால் போதும். 2018 மே மாதத்திலிருந்து 40 வயது கடந்த கார்கள், பெரிய மாற்றம் செய்யாதவை, வருடாந்தச் சோதனைக்குப் போகத் தேவையில்லை என்று சட்டம் வந்தது. நான் தவறாமல் விடுகிறேன். நிலைப்படிக்குள் கடதாசி இருந்ததைக் கண்டவன் நான்.

நிறத்துக்கு வருகிறேன். சாம்பல்தான் அடித்தேன். அண்ணா ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. கறுப்பு அடித்திருந்தால் ஊரிலிருந்து வருகிறவர்கள் கட்டிப்பிடித்துப் படம் எடுத்திருப்பார்கள். எனக்கும் நெஞ்சு நிறைந்திருக்கும், ஒரு கிழமைக்கு. ஆனால் அந்தக் கதவின் உட்பக்கத்துச் சாம்பலை நான் கண்டுவிட்டேனே. அப்பாவின் கார் மீசாலையில் முடிந்தது. அதற்குச் சாட்சியாக ஒரு கதவு, அதுவும் இப்போது இருக்கிறதோ தெரியாது. வேறொரு காருக்குக் கறுப்புப் பூசி, இதுதான் அது என்று நான் எழுதினால் அது பொய்க் கணக்கு.

மொத்தச் செலவு, கார் விலை நீங்கலாக, 9,140 பவுண். அதில் கராஜின் பிழையைத் திருத்தியது மட்டும் 1,900. இன்றைக்கு விற்றால் அதில் பாதி தேறினால் பெரிய காரியம். மனைவிக்கு இந்தத் தொகைகள் தெரியும், ஆகவே வானொலியில் சொல்வதில் பயமில்லை. 2021இல் வேலை முடிந்தது. கிழவர் முதல் ஓட்டத்துக்கு வந்து பக்கத்தில் இருந்தார். அடுத்த மாரியில் இறந்துபோனார். அவருடைய மட்டைத் துண்டு என்னிடம் இருக்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் நான் ஒழுங்கை மீறினேன். பின் இடது கதவின் கண்ணாடிக் கைபிடி இந்தக் காருக்குரியது அல்ல. அந்தக் கைபிடி நல்ல நிலையில் இருந்தது, கழற்றி எண்ணெய்க் கடதாசியில் சுற்றி, எந்தக் கதவுக்குரியது என்று எழுதி டிக்கிக்குள் வைத்திருக்கிறேன். அதன் இடத்தில் மீசாலையிலிருந்து வந்தது இருக்கிறது. ஒரே மாதிரி, ஒரே வருடம், ஊசியும் அப்படியே பொருந்தியது. குறோம் பூச்சு போய், புள்ளி புள்ளியாகக் கறள். மினுக்கவில்லை. போன வைகாசியில் ஒரு பழைய கார்க் கண்காட்சிக்குக் கொண்டுபோனபோது, பார்வையிட வந்தவர் அதைக் கண்டு, இது மட்டும் ஏன் இப்படி, புதிது நாலு பவுணுக்கு வாங்கலாமே என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தக் கைபிடியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கண்ணாடியை ஒருதரம் ஏற்றி இறக்கிப் பார்க்கலாமா என்று கேட்டார்.

பார்க்கச் சொன்னேன். கொஞ்சம் இறுக்கம், ஆனால் ஏறி இறங்குகிறது.